புனிதருக்கு நேர்ந்துவிட்ட என் வாய்

அந்த ஃபிரிட்ஜைத் தூக்கித் தொலைத்திருக்கலாம். ஒரே ஒரு ஃபிரிட்ஜ். ஒரு மணி நேர வேலை. அதற்கு வணங்காத என் முதுகு அப்புறம் எதற்கெல்லாம் வணங்கியது என்று சொல்கிறேன். கல்யாணமானவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

என் பெயர் எவரிஸ்டோ. பிரேசிலில், பெலோ ஒரிசோஞ்சி நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். வாரம் பூராவும் ஊருக்கு உழைக்கிறவன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும்தான் நான் எனக்குச் சொந்தம். இரண்டு தெரு தள்ளி, மூலையில் ஜெனேசியோவின் சாப்பாட்டுக் கடை. அங்கே ஜன்னலோர நாற்காலி என்னுடையது. கருப்புப் பயறும் பன்றிக்கறியும் குழைய வெந்த ஃபெய்ஜோவாடா ஒரு சட்டி. பக்கத்தில் கைப்பிரின்யா ஒரு கிளாஸ். எலுமிச்சையைச் சர்க்கரையோடு நசுக்கி, ஐஸ் போட்டு, கரும்புச் சாராயத்தை ஊற்றித் தருவான். முதல் மடக்கில் என் டிப்போ அதிகாரி மறந்துபோவார். இரண்டாவது மடக்கில் அவர் நல்ல மனுஷனாகவே ஆகிவிடுவார்.

அப்படிப்பட்ட சனிக்கிழமையில்தான் என் மனைவியின் அக்கா வீடு மாற்ற நாள் குறித்தாள்.

"காலைல பத்து மணிக்கு லாரி வருதாம். ஃபிரிட்ஜ் உங்க பொறுப்பு" என்றாள் மார்லூசி.

"நானா?"

"பின்ன, அதுவா மாடிப்படி இறங்கி நடந்து வரும்?"

சனிக்கிழமை விடிந்ததும் "ஐயோ!" என்றேன். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு நடிப்பு, போங்கள்! இவள் அக்கா வீட்டுக்குப் போவாள், நான் ஜெனேசியோ கடைக்குப் போவேன். இதுதான் திட்டம். ஆனால் மார்லூசி என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கற்பூரத் தைலம் தேய்த்தாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது.

"கவலையே படாதீங்க. புனித எக்ஸ்பெடிட்டோகிட்ட நேர்ந்துக்கிட்டேன். அவசரக் காரியம்னா அவர்தான்."

"என்னன்னு நேர்ந்துக்கிட்ட?"

"உங்க முதுகு நிமிர்ந்துட்டா, அன்னையிலேருந்து ஒரு வருஷம் நீங்க சாராயத்தை வாயில வைக்கமாட்டீங்கன்னு."

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

"அடியே! என் வாயை நீ எப்படி நேர்ந்துவிடலாம்?"

"முதுகு யாருது?"

"என்னுது."

"அப்ப வாயும் உங்களுதாத்தானே இருக்கணும்? ஊரான் வாயையா நேர்ந்துவிட முடியும்?"

"உன் வாயை நேர்ந்துவிட்டிருக்கலாமே! ஒரு வருஷம் மௌனம். தெருவே சேர்ந்து மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கும்!"

"புனிதருக்குப் பேரம் பேசினா பிடிக்காது" என்று எழுந்து போய்விட்டாள்.

பெண்டாட்டி பேச்சை மீறலாம். நேர்ச்சையை மீற எங்கள் பேட்டையில் எவனுக்கும் தைரியம் கிடையாது. மீறினவனுக்கு ஜெனேசியோ தண்ணீர்கூட ஊற்ற மாட்டான். ஆக, நிமிர்ந்தால் ஒரு வருஷம் சொட்டு கிடையாது. நிமிராவிட்டால் கட்டிலே கதி. ஃபிரிட்ஜையே தூக்கியிருக்கலாமே என்று கட்டிலில் கிடந்து நொந்துகொண்டேன். டிப்போவுக்கு லீவு சொல்லி ஒரு வாரம் யோசித்ததில், ஏழாம் நாள் மூளை வேலை செய்தது. நிமிர்ந்தால்தானே நேர்ச்சை? நிமிராத வரைக்கும் குடிக்கலாமே!

அடுத்த சனிக்கிழமை. அக்கா வீட்டுச் சாமான்களை அடுக்கணும் என்று மார்லூசி கிளம்பிவிட்டாள். நான் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு, அரிவாள் மாதிரி வளைந்து புறப்பட்டேன். இரண்டே தெருதான், அரை மணி நேரம் ஆயிற்று. வழியில் மனுஷர் முகமே தெரியவில்லை. எதிரே வந்த செருப்புகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். கடைக்குள் நுழைந்தால், என் நாற்காலிக்குக் கீழே ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு. நான் வாங்கிக் கொடுத்தது.

"வாங்க" என்றது செருப்பு.

"நீ... அக்கா வீட்டுக்குப் போகலையா?"

"போனேன், சீக்கிரம் முடிஞ்சிட்டுது. பசிச்சுது, வந்தேன். இருபத்திரண்டு வருஷமா இந்த வாசல்ல நின்னு உங்களைக் கூப்பிட்டிருக்கேன். உள்ள வந்து உக்காந்தது இன்னைக்குத்தாங்க. எவ்வளவு ருசியா இருக்கு!"

சுருக்கென்றது எனக்கு. ஒரு சனிக்கிழமைகூட நான் அவளை இங்கே அழைத்து வந்ததில்லை. அவளுக்கும் நாக்கு இருக்கிறது என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அப்போதே அவள் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெட்கத்தைவிடத் தாகம் பெரிதாக இருந்ததே, என்ன செய்ய!

"முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அப்படியேதான்டி. நிமிரவே மாட்டேங்குது."

"ஐயோ பாவம். அப்ப நேர்ச்சை இன்னும் ஆரம்பிக்கல. ஜெனேசியோ அண்ணே, அவருக்கு ஒண்ணு கலக்குங்க!"

நான் என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். ஜெனேசியோ எலுமிச்சையை நசுக்கும் சத்தம் கேட்டது. ஐஸ் விழும் சத்தம் கேட்டது. கிளாஸைக் கொண்டுபோய்ப் பலகாரக் கண்ணாடிப் பெட்டியின் உச்சியில் வைத்தான்.

"கீழ இறக்கி வைப்பா!"

"கை வேலையா இருக்கேன். எடுத்துக்கப்பா."

குனிந்தபடியே கையை நீட்டினேன். நாலு விரற்கடை எட்டவில்லை. எக்கினேன். இரண்டு விரற்கடை.

"ஐஸ் கரையுதுங்க" என்றாள் மார்லூசி, பரிவோடு.

கை மட்டும்தான் நீண்டது என்று சத்தியமாக நினைத்தேன். கிளாஸைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் கடை முழுக்க முகங்கள்! ஒரு வாரத்துக்கு அப்புறம் முகங்கள்! நான் கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். துடைப்பக் கட்டை தரையில் கிடந்தது.

"அற்புதம்!" என்று கத்தினான் ஜெனேசியோ. கடையே கை தட்டியது. இரண்டு பேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். மார்லூசி ஓடி வந்து, உதட்டைத் தொடப்போன கிளாஸைப் பக்குவமாக வாங்கிக்கொண்டாள். "புனிதர் கண் திறந்துட்டாருங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. எதிர் நாற்காலியில் போய் நேராக உட்கார்ந்தேன்.

ஜெனேசியோ வந்தான். "எவரிஸ்டோ, குடிக்க என்னப்பா வேணும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஆரஞ்சு ஜூஸ் குடுங்க" என்றாள் மார்லூசி, என் கைப்பிரின்யாவை உறிஞ்சிக்கொண்டே. "சர்க்கரை போடாதீங்க. அதையும் சேர்த்துத்தான் நேர்ந்திருக்கேன்."