முட்டைக்கோஸைத் தரிசித்த மீன்கள்

செக் நாட்டு ஓஸ்ட்ராவாவில் கரி வெட்டிய கைகள் ஓய்வு பெற்றதும் மீன் வளர்க்கப் போய்விட்டன. சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் பெரிய கூடத்தில் ஞாயிறுதோறும் மீன்சந்தை. ஆளுக்கொரு மேசை, மேசை மேல் கண்ணாடித் தொட்டிகள், கைக்கெட்டும் தூரத்தில் பியர். முன்பெல்லாம் கூட்டம் கூடம் முழுக்கப் பரவி நிற்கும். இந்தக் கோடையிலிருந்து எல்லாரும் ஒரே மூலையில்தான் நெரிந்தார்கள். அந்த மூலையில் லூமிர் மாஸ்டர் கடை விரித்திருந்தார்.

எதில் மாஸ்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை அங்கி போட்டிருந்தார், குரலைத் தாழ்த்திப் பேசினார். போதாதா?

அவர் முன்னால் ஆள் நீளத்துக்கு ஓர் ஓடைத்தொட்டி, ஓடை மீன்களுக்கானது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. கூழாங்கல், பாசி படிந்த மரக்கட்டை, பளிங்கு மாதிரித் தண்ணீர். கோடு போட்ட ஒல்லி மீன்கள் மேலே, கல்லோடு ஒட்டிக்கொண்ட அயிரைகள் கீழே. அயிரைகள் இமயமலை அருவியிலிருந்து வந்தவையாம். நோயாளியைத் தொட்டியின் ஒரு முனையில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். மாஸ்டர் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் கண்ட கண்ட பக்கம் திரிந்த மீன்களெல்லாம் ஒன்றுபோலத் தலையைத் திருப்பி நோயாளியைப் பார்க்கும். கூட்டம் மூச்சை இழுக்கும். "உன்னை ஏத்துக்கிச்சு," என்பார் மாஸ்டர். அப்புறம் இன்ன நோய்க்கு இன்ன மீன் என்று சீட்டு. அதை வீட்டு ஓடைத்தொட்டியில் விட்டு, காலையில் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீரோடு நோய் போய்விடும். பேரம் பேசுகிறவனுக்கு மட்டும் மீன்கள் வாலைக் காட்டிவிடும். மீனுக்குக்கூட வியாபாரம் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் ஹெட்விகா பொறுத்துக்கொண்டிருப்பாள். நிலக்கரி சுடும் கோக் உலையில் முப்பது வருஷம் தள்ளுவண்டி தள்ளியவள், ஊரான் முட்டாள்தனத்துக்கெல்லாம் கோபப்பட்டால் உடம்பு தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மாஸ்டர் கை வைத்தது அவள் புருஷன் எர்வின் கண்ணில்.

எர்வினுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காபியில் உப்பைப் போட்டுக் கலக்குவான். போன வாரம் கோட்டு மாட்டும் கட்டைக்கு வணக்கம் சொல்லி, அது பதில் சொல்லவில்லை என்று திட்டினான். ஆஸ்பத்திரியில் அறுவைக்கு எத்தனையோ மாதம் காத்திருந்து கிடைத்த நாள் நாளைக்கு. போகமாட்டேன் என்கிறான்.

"கண்ணாடியில இருக்கிற பாசியை அயிரை எப்படி நக்கி எடுக்குது? அதே மாதிரிதான் கண்ணுல இருக்கிறதையும் இழுத்துரும்னு மாஸ்டர் சொல்றாரு."

"அது உன் கண்ணையா நக்கப் போகுது? தொட்டிக்குள்ள இருக்கு, நீ வெளிய இருக்க."

"பார்வை மூலமா."

"உனக்கு அதுதானேய்யா இல்ல!"

எர்வின் கோபித்துக்கொண்டு எழுந்தான். அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டான். அதற்கும் ஹெட்விகாவைத்தான் முறைத்தான், சுமார் ஒரு கஜம் தள்ளி.

மாஸ்டரின் அயிரை ஒன்று ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று இரண்டாவது வாங்க வேண்டுமாம், கண்ணுக்கு ஒன்று என்று கணக்கு. ஹெட்விகா மறுபேச்சில்லாமல் கூடவே கிளம்பினாள். வழியில் ஊறுகாய்க்கு ஒரு பெரிய முட்டைக்கோஸும், டிராமில் தின்ன அந்த ஊர்க் கறுப்புக் கசகசா தூவிய கேக்கும் வாங்கிக்கொண்டாள்.

சந்தையில் மாஸ்டரின் மூலையில் யர்மிலா அழுதுகொண்டிருந்தாள். அடுத்த தெருக்காரி. மூட்டுவலிக்கு மாஸ்டர் கொடுத்த மீன் செத்துப்போயிருந்தது. பட்டுப்பாவாடை மாதிரி நீளமாய்த் துடுப்பு தொங்கும் மீன்.

"அழாதம்மா," என்றார் மாஸ்டர். "உன் வலியை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. பாக்கி வலிக்கு இன்னொண்ணு வேணும்."

"இது நாலாவது, மாஸ்டர்."

"அவ்வளவு வலியம்மா உனக்கு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. எர்வின் மட்டும் ஹெட்விகாவின் காதில், "அந்த மீனைப் போய் ஓடைத்தொட்டியில விட்டாளா? அது குட்டையில கிடக்கிற சாதி. ஓடுற தண்ணி துடுப்பை இழுத்து இழுத்தே கொன்னுரும்," என்றான். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்காதவன்போல் வரிசையில் நின்றான்.

ஹெட்விகாவுக்குக் கேட்டது. இவனுக்கு எல்லாம் தெரியும். ஒல்லி மீன் எதிர்நீச்சல் போடும், தட்டையான மீன் கல்லைப் பிடித்துக்கொள்ளும், மற்றதை ஓடைத்தொட்டியில் விடாதே என்று கல்யாணமான புதிதில் அவளுக்கு வகுப்பு எடுத்தவன் இவன்தான். இன்னொன்றும் சொல்லியிருந்தான். அவள் தொட்டியின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். இரண்டிலும் பாசி போர்த்திய பெட்டி. மாஸ்டரின் மேசைத்துணி தரை வரை தொங்கியது. மாஸ்டர் தியானம் செய்யும்போது அங்கிக்குக் கீழே வலது முழங்கால் லேசாக ஆடியது.

எர்வின் முறை வந்தது.

"மாஸ்டர்," என்றாள் ஹெட்விகா, "எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கம்மி. நீங்கதான் வளர்க்கணும்."

"கேளும்மா."

"நோயாளி யாருன்னு மீனுக்குத்தானே தெரியும்? உங்களுக்குத் தெரியணும்னு இல்லையே?"

"நான் வெறும் வாசல். பார்க்கிறது அதுங்கதான்."

"அப்போ நீங்க நின்ன இடத்துலயே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கோங்க. ஒரு முனையில எம் புருஷனை உட்காரவைக்கிறேன். இன்னொரு முனையில இந்த முட்டைக்கோஸை. மீன் யாரைப் பார்க்குதுன்னு பார்ப்போம்."

மாஸ்டரின் முகத்தில் ஒரு வினாடி விளக்கணைந்தது. "தெய்வீகத்தைச் சோதிக்கக் கூடாதும்மா."

அவரைக் கவிழ்த்தது ஹெட்விகா அல்ல, பக்தர்கள். "நில்லுங்க மாஸ்டர்!" என்றான் ரைமுண்ட், வாயுத்தொல்லைக்கு ஆறு மீன் வாங்கியவன். "இந்தப் பொம்பளை வாயை அடைச்சிருவோம்!" "காட்டுங்க மாஸ்டர், காட்டுங்க!" நம்பிக்கையாலேயே அவரை நெட்டித் தள்ளிச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஹெட்விகா எர்வினின் தோளைப் பிடித்து, முட்டையை வைப்பதுபோல இடது முனையில் சத்தமில்லாமல் உட்காரவைத்தாள். "மூச்சு விடாத." பிறகு வலது முனைக்குப் போய் முட்டைக்கோஸை நாற்காலியில் தொப்பென்று போட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது.

மாஸ்டருக்குக் காது நன்றாக வேலை செய்தது. முழங்கால் ஆடியது.

மீன்கள் திரும்பின. மேலே இருந்த ஒல்லி மீன், கீழே இருந்த அயிரை, ஒன்று பாக்கியில்லாமல் பரம பக்தியோடு முட்டைக்கோஸைத் தரிசித்தன.

கூட்டம் தொட்டியையும் கோஸையும் மாறி மாறிப் பார்த்தது.

"என்ன ஆச்சு?" என்றான் எர்வின். "என்னைப் பார்க்குதா?"

ரைமுண்ட் தொண்டையைக் கனைத்தான். "இல்லண்ணே. கோஸைப் பார்க்குது."

"கோஸுக்கும் ஏதாவது நோவு இருக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ தலையாட்டினார்கள். மனிதனுக்கு ஏமாறுவதில் உள்ள உழைப்பு வேறெதிலும் கிடையாது.

மாஸ்டர் திரும்பினார். முட்டைக்கோஸைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் ஹெட்விகா கசகசா கேக்கைப் பிய்த்துத் தண்ணீரில் உதிர்த்தாள். கறுப்பு மணிகள் கோஸ் முனையிலிருந்து கிளம்பி, வரிசையாக எர்வின் பக்கம் மிதந்து போயின. இவ்வளவு நாளும் கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம், கோடு கிழித்ததுபோல் தெரிந்தது.

"எர்வின், ஓடுற தண்ணியில மீன் தலையை எந்தப் பக்கம் வைக்கும்?"

"தண்ணி வர்ற பக்கம்." எர்வினின் குரல் இறங்கிப்போனது. "எதிர்த்துத்தானே நிக்கும். குழந்தைக்கும் தெரியும்."

"இங்க யாருக்காவது தெரியாதா?"

எல்லாருக்கும் தெரியும். வயசெல்லாம் மீன் வளர்த்தவர்கள். இந்த ஒரு மேசைக்கு வரும்போது மட்டும் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

ஹெட்விகா மேசைத்துணியைத் தூக்கினாள். கீழே பழைய தையல் மிஷின் பெடல், அதிலிருந்து இரண்டு முனைப் பெட்டிக்குள்ளும் இருந்த தண்ணீர் மோட்டாருக்கு ஒயர். பூட்ஸ் காலால் அழுத்தினாள். கசகசா தயங்கியது, நின்றது, வந்த வழியே திரும்பியது. மீன்கள் எர்வினைப் பார்த்தன. மறுபடி அழுத்தினாள். கோஸைப் பார்த்தன. தலையணை உறை தைப்பவள்போல இடைவிட்டு மிதித்தாள். தண்ணீருக்குள் இமயமலைப் பக்தர்கள் இடமும் வலமும் கும்பிட்டுக் களைத்தார்கள். முதலில் சிரித்தது யர்மிலா. அழுத கண்ணோடு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மாஸ்டரின் அங்கியைப் பிடித்தாள்.

"அப்போ என் மீனெல்லாம் எதுக்குய்யா செத்துச்சு?"

மாஸ்டர் அங்கியை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். ஓடும்போது அவருக்கு எந்த மூட்டும் வலிக்கவில்லை.

டிராமில் எர்வின் ஜன்னலோரம் உட்கார்ந்தான். முட்டைக்கோஸ் அவன் மடியில் இருந்தது. இறங்கும் இடத்தில், "நாளைக்குப் பையில ஒரு நல்ல சட்டை வை. ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி கிழிசலோட போக முடியாது," என்றான்.

ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்து, கட்டு அவிழ்த்ததும், வீட்டுக்கு வந்து முதலில் ஹெட்விகாவைப் பார்த்தான். "கிழவியாயிட்டியே," என்றான். அடுத்து ஓடைத்தொட்டியிடம் போய்க் குனிந்து அந்த இமயமலை அயிரையைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான், புள்ளியைப் பார்த்தான். அப்படியே ஒரு ஜாடியில் பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய், பியர் மேசை நடுவில் வைத்தான்.

"இது என்ன மீன்?"

ரைமுண்ட் எட்டிப் பார்த்தான். "நம்ம ஓடையில கல்லைப் புரட்டினா கிடக்குமே அதுதான். சின்ன வயசுல தூண்டிலுக்குப் பிடிப்போம்."

"மாஸ்டர் தொட்டியிலயும் இதுதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு," என்றான் ரைமுண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கோடை பூரா அதுக்கு முன்னாடி நின்னீங்களே. எனக்குக் கண்ணுல புரை. டாக்டர் எடுத்துட்டாரு." எர்வின் ஜாடியை அவர்கள் பக்கம் நகர்த்தினான். "உங்களுக்கு என்னய்யா இருந்துச்சு?"