நோட்டீஸ் போர்டும் அப்ஜெக்சன் அண்ணனும்

போடிநாயக்கனூரில் அப்ஜெக்சன் அண்ணன் ஆட்சேபிக்காத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. அதனால் சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட அவர் மனசார ஒப்புக்கொண்டதில்லை.

நான் வேலை பார்த்த ஏலக்காய்க் குடோனில் காய்களைச் சலித்துப் பருமன்வாரியாகப் பிரிப்பது அவர் சோலி. ‘அப்ஜெக்சன்’ என்ற ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையை வைத்தே ஊரை ஆட்டிவைத்தார். முணுமுணுத்தால் டீயில் சீனி அதிகம், ஆனாலும் குடித்துவிடுவார். இழுத்துச் சொன்னால் மனு எழுதப்போகிறார். எழுந்து நின்று சொன்னால் நாம் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

ஒரு இழவு வீட்டில் பாடை கட்டும்போது எழுந்து நின்றுவிட்டார்.

“அப்ஜெக்சன்! கயிறு என்னப்பா இம்புட்டு இறுக்கம்? மனுசனுக்கு மூச்சு முட்டாதா?”

ஒப்பாரி வைத்த பெண்கள் அதிர்ந்துபோய் அழுகையை நிறுத்திவிட்டார்கள். கயிற்றைத் தளர்த்திய பிறகுதான் பாடை கிளம்பியது.

இப்படிப்பட்டவர் கண்ணில் என் கல்யாண நோட்டீஸ் பட்டால் என்ன ஆகும்? நான் சிலமலைக் கிராமத்து விவசாயி வீட்டுப் பையன். ஸ்டெல்லா மலைமேல் ஏலத்தோட்டத்துக் குடும்பம். மதமும் வேறு. பதிவு அலுவலகப் பலகையில் எங்கள் பெயரை ஒட்டி, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று முப்பது நாள் ஊரையே கேட்பார்கள்.

மூன்றாம் நாள் பார்க்கிறேன், அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த நோட்டீசைப் படிக்கிறார்! அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரம் முழுக்க பலகைக்குக் கீழேதான் அவருக்கு பெஞ்சு.

“அவரு கால்ல விழுந்தாச்சும் கேளுங்க,” என்று ஸ்டெல்லா போனில் அழுதாள். எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

கடைசி நாள் என் தாய்மாமா கையில் மனுவோடு பதிவு அலுவலகத்தில் வந்து இறங்கினார். நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார்.

“அப்ஜெக்சன்!”

“ஆருய்யா நீ?” என்றார் மாமா.

“அது கெடக்கட்டும். ரெண்டு பேருக்கும் வயசு வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“ஆருக்காச்சும் முன்னமே கல்யாணம் ஆயிருக்கா?”

“இல்லய்யா.”

“பெறகு மனுவுல என்னதேன் எழுதிருக்கீக?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “எனக்குப் புடிக்கலன்னு.”

“அதுக்குத்தேன் என் அப்ஜெக்சன்!” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார் அண்ணன். ‘இந்தக் கல்யாணத்தை யார் ஆட்சேபித்தாலும் அந்த ஆட்சேபணையை நான் ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதியிருந்தது. நாள்கணக்கில் பையிலேயே கிடந்ததில் தாள் மடிப்பில் கிழிந்திருந்தது.

மாமா தாளை இரண்டு தடவை படித்தார். தன் மனுவை மடித்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

“அண்ணே, நான் உங்களுக்குத்தேன் பயந்துக்கிட்டு இருந்தேன்,” என்றேன்.

“வெரசா போயி அந்தப் புள்ளைக்கிச் சொல்லு, மாப்ளே. அழுதுக்கிட்டு இருக்கும்.”

கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். பேனா சரியில்லை என்று முணுமுணுத்தார். ஆனால் ஸ்டெல்லாவும் நானும் காலில் விழுந்தபோது, அந்த வாயிலிருந்து ஒரு அப்ஜெக்சன்கூட வரவில்லை. கண்ணாடியைத்தான் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.