அருவியில் ஊன்றிய கம்பு

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பித் திரிந்த வயது ஒன்று எனக்கும் இருந்தது. வாவிக்கரை ஊரான கல்லடியில் பிறந்தவனுக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடத்தான்.

வெள்ளைக்காரன் காலம். என் முழு ஆசையும் மாமா மகள் தங்கம்மாதான். முறை மச்சாள்; ஆனாலும் அரசாங்கக் கச்சேரியில் எழுதுகிற கிளாக்கர் ஒருவருக்கும் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். மாமா யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. பதுளையில் இருந்த சிநேகிதர் வீட்டுக்கு அவர் குடும்பத்தோடு புறப்பட்டபோது, மூட்டை தூக்க நானாகவே ஒட்டிக்கொண்டேன். (கிளாக்கருக்கு லீவு கிடைக்கவில்லையாம். விடுவேனா?)

போன இடத்தில் அருவி பார்க்கக் கிளம்பினோம். மலையிடுக்கில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். கட்டுச்சோறும், மாமி ஊரிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த எருமைத் தயிர்ச்சட்டியும் என் தலையில். கால் முழுக்க அட்டை. தங்கம்மா பார்க்கிறாளே என்று அட்டையைக்கூடச் சிரித்துக்கொண்டே பிடுங்கினேன்.

அடேயப்பா, அது என்ன தண்ணீர்! எங்கள் வாவித் தண்ணீர் படுத்தே கிடக்கும். இது விழுந்து, எழும்பி, ஓடியது.

"வெயிலுக்குத் தயிர் புளிச்சுப் போகும்கா" என்றார் மாமி.

"நான் பார்க்கிறன் மாமி."

ஊரில் தோணி கட்டுகிற மாதிரியே கரையோரம் ஒரு கம்பை ஊன்றினேன். சட்டியை அதன் கழுத்துவரை தண்ணீரில் இறக்கி, மேலே கட்டுச்சோற்றையும் ஏற்றி, கம்போடு சேர்த்துக் கட்டினேன். வாவிச் சேற்றில் ஊன்றிய கம்பு மறுநாளும் அசையாமல் நிற்கும். இங்கே சேறு ஏது? அடியில் எல்லாம் உருண்டைக் கல்.

"மருமகன், சோறு போகுது!" என்று மாமா கத்தினார்.

பாய்ந்தேன். கையில் அகப்பட்டது கம்பு மட்டும். சோறும் தயிரும் அடுத்த பள்ளத்தில் விழுந்து சிதறின. அவற்றைத் தேடிக்கொண்டு என் வேட்டியும் போய்விட்டது. மாமா சால்வையை எறிந்தார். அதை இடுப்பில் சுற்றி, கையில் கம்போடு, பழநி ஆண்டவர் கோலத்தில் கரையேறினேன். மச்சாள் இனிக் கிளாக்கருக்குத்தான் என்று நினைக்க அழுகையே வந்துவிட்டது.

தங்கம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமிக்கோ தயிர் போன ஆத்திரம்.

"ஒரு சட்டியைக் காப்பாத்தத் தெரியாதவன் குடும்பத்தையா காப்பாத்தப்போறான்?"

"நம்மட வீட்டுக்குத்தானேம்மா வரப்போறார்" என்றாள் தங்கம்மா. "சட்டியை நான் பார்த்துக்கொள்ளுவன்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அவள் சொன்னது அருவி இரைச்சலையும் மீறி எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மாமா மீசைக்குள் சிரித்தார்.

"ஓம், அப்ப கிளாக்கர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவம்."

வெறும் வயிற்றோடு மலை ஏறினோம். எனக்குப் பசியே தெரியவில்லை.

தங்கம்மா சொன்ன சொல் தவறவில்லை. இன்றுவரை இந்த வீட்டில் தயிர்ச்சட்டி என் கைக்கு வந்ததே இல்லை. இப்போது எங்கள் மகளைக் கட்டிக்கொண்டு மருமகன் வீட்டோடு வந்திருக்கிறான். நல்ல அடக்கமான பையன் என்றுதான் நினைத்தேன். வந்த கிழமையே, சாப்பாட்டில் தயிர் வைக்கும்போது, பயபக்தியோடு என்னைக் கேட்கிறான்:

"மாமா, சட்டிக்குக் கம்பு ஊன்றவா?"