நான் இருக்கையில் ஆதரவற்றவளா?

பொறுமையில் நம் அம்மாவை உரித்து வைத்த தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் சோப்புத் தொழில் படிக்கப் போவது உனக்குத் தெரியும். மகன் தவறிப் போன பிறகு சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்த பெண், அங்கே போக ஆரம்பித்ததும் அடுப்படியில் முணுமுணுவென்று பாடினாள். சோப்பெல்லாம் என் முதுகில்தான் பரீட்சை. ஒன்று நுரைக்காது, இன்னொன்று நுரைத்தால் நிற்காது. சொந்தக் கடை போடப் போகிறாளே என்று பொறுத்துக்கொண்டேன். போன வாரம் மழைக்குக் குடை கொடுக்கப் போனால், வாசலில் ஆள் உயரப் பலகை: 'ஆதரவற்ற பெண்களுக்கான சுயதொழில் பயிற்சி.' பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் எனக்கு எழுதப் படிக்க வரும். நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது அவள் எப்படி ஆதரவற்றவள்? பேராசிரியை அம்மாளிடம் கேட்டேன். அது வெறும் பெயர்தான் ஐயா என்றார். வெறும் பெயர்தானே, மாற்றுங்கள் என்றேன். விட்டேனா? மாமனார் நான் இருக்கிறேன், அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலதிகாரி அறை வரைக்கும் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, அப்படியானால் விதிப்படி அவளுக்கு இங்கே இடமில்லை என்று பெயரை அடித்துவிட்டார்.

அவ அழுதிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அழலே. சோப்பு வகுப்புக்குக் கட்டிக்கிட்டுப் போற ஏப்ரனை மடிச்சு அலமாரியிலே வெச்சா. என் கை நடுங்குமேன்னு வழக்கம்போல அரை டம்ளர் டீ ஊத்திக் கொடுத்தா. அப்புறம்தான் சொன்னா: "நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. அது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

பாட்டு நின்னு போச்சு. வீடு மறுபடியும் மகன் போன அன்னிக்கி மாதிரி ஆயிடுச்சு. இருந்தாலும் நான் கேட்டதிலே என்ன தப்பு? சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். அந்த வாசலை இனி மிதிக்கவும் மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. உன் பிள்ளைகள் ஆயுளில் என்னைப் போலவும் புத்தியில் உன்னைப் போலவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்த வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். நான் அவளுக்கு ஆதரவு இல்லை, அவள்தான் எனக்கு என்று சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அவளுக்கு இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. உன்னிடம் யாராவது விசாரித்தால், அண்ணன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிவிடு. நீ எப்போதும் சொல்வதுதானே.