ஜரிகை போட்ட புரோட்டான் முடுக்கி

இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவர்களை ஆறு மாதமாவது வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில், என்னை யாரும் பூட்டவில்லை. நான் புரோட்டான் முடுக்கி கட்டக் கிளம்பிவிட்டேன்.

ஹைட்ரஜன் அணுவின் நடுவில் இருப்பது புரோட்டான். உயர் மின்னழுத்தத்தால் விரட்டினால் அது தோட்டா மாதிரி பாயும். மற்றவர்கள் ஒன்றிரண்டை விரட்டட்டும், நான் கருடசேவைக் கூட்டம்போல விரட்டுவேன் என்று நாற்பது தாளில் வரைபடம் போட்டிருந்தேன். (தூக்கத்தில்கூட ‘வெற்றிடம், வெற்றிடம்’ என்றேனாம். தங்கை மொட்டை மாடிக்குப் படுக்கப் போய்விட்டாள்.)

நான் படித்த கல்லூரியின் பொருட்காட்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாகவும், பிடித்துப்போனால் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார் என்றும் சொன்னார்கள். முழு முடுக்கிக்கு வழியில்லை. மின்னழுத்தம் உண்டாக்கும் பகுதியை மட்டும் கட்டினேன். அதில் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு மேலே இருக்கும் பித்தளை உருண்டைவரை ஓட ஒரு பட்டுப் பட்டை வேண்டும். பட்டில் மின்சாரம் பாயாது; அதனால் ஏற்றிவிட்டது வழியில் ஒழுகாமல் மேலே போய்ச் சேரும். நெசவாளரான சித்தப்பாவிடம் போனேன்.

“சுத்தப் பட்டா இருக்கணும் சித்தப்பா.”

“நம்ம கையில கலப்படம் ஏதும்மா?”

பொருட்காட்சியன்று காலை பட்டையோடு வந்தார். அரக்குச் சிவப்பு. இரண்டு ஓரமும் பளபளவென்று ஜரிகை.

“பெரிய மனுசரு வர்றாரு. மொட்டையா இருந்தா நல்லாவா இருக்குது? அதான் போட்டுட்டேன்.”

ஜரிகையில் இருப்பது வெள்ளி. வெள்ளியில் மின்சாரம் பாயும் என்பது பள்ளிக்கூடப் பாடம். முதல் வகுப்புக்காரி நான் சொன்னது: “ரொம்ப அழகா இருக்குது சித்தப்பா.” மாட்டியும் விட்டேன்.

தீப்பொறி நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். பேராசிரியர் வந்தார்.

“எத்தனை புரோட்டான்மா வரும்?”

“செகண்டுக்குக் கோடி கோடி சார்.”

சுவிட்சைப் போட்டேன். எல்லோரும் உருண்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மேலே ஏற வேண்டிய மின்சாரமெல்லாம் ஜரிகை வழியாகத் தரைக்கு இறங்கியது. நீலமாக ஒரு கோடு. ‘பட்’ என்றொரு சத்தம். பட்டு பொசுங்கி, முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். விளக்கு, மின்விசிறி, பக்கத்து அறையில் கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருந்த மைக் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

இருட்டில் சித்தப்பாவின் குரல் கேட்டது: “வந்துடுச்சாம்மா புரோட்டான்?”

பேராசிரியர் தீக்குச்சி கிழித்து, கருகிய பட்டையைத் தடவிப் பார்த்தார்.

“ஜரிகை எதுக்கும்மா?”

“அழகுக்கு சார்.”

மனிதர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து சிரித்தார். பிறகு வரைபடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பரிசு, சோப்புத் தயாரித்துக் காட்டியவர்களுக்குப் போனது. அடுத்த மாதம் எனக்கு அவருடைய ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது.

முப்பது வருடம் முடுக்கிகளோடு வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வீட்டில் அதெல்லாம் செல்லாது. கரண்ட் போனால் யாராவது ஒருவர், “வந்துடுச்சாம்மா புரோட்டான்?” என்று கேட்டே தீருவார். போன வருடம் தங்கையின் பேரன், ‘புரோட்டான் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘கரண்ட் போவது’ என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சர் கேட்டதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறான், டிகிரியோடு.