கொக்கியும் அவர் அண்ணன் பூட்டும்

தஞ்சாவூர்ச் சீமையில் உள்ள பூட்டுகளெல்லாம் ஒரே ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்கின்றன என்றால், அது எங்கள் ஆபீஸ் கொக்கியைப் பார்த்துத்தான். சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் வித்தையில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. பூட்டுகளுக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. மேனேஜர்கூட அதை மறந்துவிட்டார். பம்புசெட் மோட்டார் விற்கும் எங்கள் கம்பெனியின் கிளை ஆபீசில் எனக்கு எதிர் மேஜை அவருக்கு. போன ஜென்மத்தில் நான் யார் வீட்டுப் பூட்டையோ உடைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவர் பெயருக்குப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு ரெக்ஸின் உறை. பிரித்து மேஜையில் விரித்தார். பல் டாக்டர் தட்டில் வைத்திருப்பாரே, அந்த மாதிரி மெல்லிய கம்பிகள்.

"இது கொக்கி சார். இது அரைக்கொக்கி. இது பாம்பு, வளைஞ்சு வளைஞ்சு இருக்கு பாருங்க. எதை எடுக்கிறோங்கிறதுலதான் விஷயமே இருக்கு."

"எந்தப் பூட்டைத் திறக்கப் போறீங்க?"

"முதல்ல கை பழகணும் சார்."

பழகினார். கூடவே வாங்கியிருந்த, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடிப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் போல ஒவ்வொரு கம்பியாக எடுத்துப் பார்ப்பார், வைப்பார், மறுபடி முதல் கம்பிக்கே வருவார். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

அடுத்து டென்ஷன். ஒரு கையால் வளைந்த தகடொன்றைச் சாவித் துவாரத்தின் ஓரத்தில் நுழைத்து, பூட்டைத் திருப்புவது போல லேசாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கையால் உள்ளே இருக்கிற பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பின் நகராது. குறைந்தால், தூக்கி வைத்ததெல்லாம் விழுந்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அழுத்தம் எவ்வளவு என்பதை அவர் தினமும் என் மணிக்கட்டில்தான் செய்து காட்டினார்.

"கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி சார். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது."

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஒரத்தநாட்டிலிருந்து வந்த ஒரு விவசாயியின் மணிக்கட்டையும் அவர் விடவில்லை. விவசாயி கையை உருவிக்கொண்டு, "தம்பி, நாத்து காயுது. மோட்டாரைப் பாருங்க" என்றார்.

கடையில் வாங்கிய தகடு சரியில்லை என்று கொக்கிக்கு ஒரு குறை இருந்தது. கார் வைப்பருக்குள் இருக்கிற ஸ்டீல் பட்டைதான் இதற்கு உசத்தி என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. குடும்பத்தோடு பூம்புகாருக்குப் போய்க்கொண்டிருந்தபோது கொட்டோ கொட்டென்று மழை கொட்ட, நான் வைப்பரைப் போட்டேன். பட்டை இல்லாத வெறும் ரப்பர் கண்ணாடி மேல் செத்த பாம்பாகப் புரண்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே நான் ஊர் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி வழியெல்லாம் பேசியதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை கேட்டேன். கொக்கி அசரவில்லை.

"பழசாயிருந்துச்சு சார், எப்படியும் மாத்துவீங்கன்னு நெனச்சேன். ஆனா அருமையான ஸ்டீல்."

அடிக்கக் கையை ஓங்கினேன். அந்தக் கையையே பிடித்து, புதுப் பட்டைக்கு அழுத்தம் எவ்வளவு என்று காட்ட ஆரம்பித்தார்.

"எதுக்குய்யா இந்தக் கண்ராவி வேலை உமக்கு?" என்று கத்தியேவிட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அவர் அப்பா கட்டிய ஓட்டு வீடு. அப்பா போனபிறகு அண்ணனுக்கும் இவருக்கும் பாகம் ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, முடிவாகும்வரை ஆளுக்கொரு பூட்டுப் போடச் சொல்லிவிட்டார்கள். ஒரே கதவில் இரண்டு பூட்டு. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். ஒருத்தர் பூட்டில் இன்னொருத்தர் கை வைத்தால் கை வைத்தவர் பக்கம் நியாயம் இல்லாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் இப்படி இரட்டைப் பூட்டுத் தொங்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. இவர் அண்ணன் தன் பூட்டை மாட்டிவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை.

"மோட்டு ஓடு சரிஞ்சு போச்சு சார். மழை பேஞ்சா வாசல்ல நிக்கிற எனக்கு உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. இப்படியே போனா வீடு உக்காந்துடும்."

"அண்ணனுக்கு ஒரு போன் போடுங்களேன்."

"அவரு மொதல்ல பேசட்டும்."

"அப்ப உடைச்சிட்டு உள்ள போங்க."

"உடைச்சா, அண்ணன் பூட்டை உடைச்ச தம்பின்னு ஆயிடும். உடைக்காமத் திறந்தா? ஓட்டை மாத்திட்டு, பழையபடி பூட்டிட்டு வந்துடலாம். அவருக்குத் தெரியவே வேணாம்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கைத் தொடுவதற்கு ஊரைச் சுற்றுகிறவரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அதன்பிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மணிக்கட்டை நானே நீட்டினேன்.

ஒருவழியாகக் கண்ணாடிப் பூட்டு திறந்தது. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் கொக்கி, அண்ணன் பூட்டின் போட்டோவைப் போனில் எடுத்து, கண்ணாடிப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அது பழைய பித்தளை லீவர் பூட்டு. அதற்குள் பின்களே கிடையாது, தகடுகள்தான். அதுவரை பழகிய கொக்கி, அரைக்கொக்கி, பாம்பு எதுவும் அங்கே உதவாது. டீயை யாரும் குடித்து முடிக்கவில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே மாதிரிப் பூட்டு ஒன்றைத் தேடி வாங்கினார். சைக்கிள் கம்பியை வளைத்துத் தேய்த்தார்.

"இதுக்கு டென்ஷன் பலமா வேணும் சார். இது கோழிக்குஞ்சு இல்ல, கெடாமாடு."

என் மணிக்கட்டு வீங்கியது. மழைக்காலங்கள் வந்து வந்து போயின. ஒவ்வொரு மழைக்கும் அவர் ஜன்னலோரம் போய் நின்று நன்னிலம் இருக்கிற திசையைப் பார்ப்பார், திரும்பி வந்து கம்பியை எடுப்பார். கட்டைவிரல் கொப்புளித்துக் காய்த்துப்போனது. கடைசியில் ஒரு புரட்டாசி மாதம் அந்தப் பூட்டும் வாயைத் திறந்தது. மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் சம்பா நடவு. ஊருக்குள் அவர் யாரையும் பார்க்காமல் நேரே வீட்டுக்குப் போனார். ஒரே நாதாங்கியில் இரண்டு பூட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. தன் பூட்டைத் தேங்காயெண்ணெய் விட்டுச் சாவி போட்டுத் திறந்தார். பிறகு துண்டை விரித்து, கம்பிகளைப் பரப்பி, நெடுநேரம் யோசித்து ஒன்றை எடுத்தார். இன்னொரு கையால் அண்ணன் பூட்டை முதல்முறையாகத் தொட்டுப் பிடித்தார்.

பிடித்ததும் அது கழன்று கையோடு வந்துவிட்டது.

அந்த ரகப் பூட்டு, சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும். வளையத்தைச் சும்மா அழுத்தி வைத்தாலும் பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். இதை எங்களுக்கெல்லாம் பாடமாக எடுத்தவரே கொக்கிதான். எந்தப் பூட்டானாலும் கருவியை எடுப்பதற்கு முன்னால் ஒருதரம் இழுத்துப் பார்க்கணும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் இது பங்காளி பூட்டு. அவர் விரல்கூட வைத்துப் பார்த்ததில்லை.

"பூட்டவே இல்ல சார்" என்றார்.

கதவைத் தள்ளினோம். பாதிக்குமேல் போகவில்லை, பின்னால் ஓடு குவிந்து கிடந்தது. கூடத்தில் ஆகாயம் தெரிந்தது. உத்திரம் முறிந்து தரையில் கிடக்க, அதைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சுவர்கள் ஊறி உப்பியிருந்தன. இனி அதில் சரிசெய்ய எதுவும் இல்லை.

கொக்கி போனை எடுத்தார். பூட்டை ஒரு கையில் பிடித்தபடியே ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே."

"...என்னடா?"

"நீ பூட்டவே இல்லியா?"

"இல்லடா. ஊருக்காகத்தான் மாட்டினேன். நான் வெளியூர் போறவன், மழை வந்தா நீதானே ஓடு மாத்தணும். ஒரு தடவை இழுத்துப் பாப்பேன்னு நெனச்சேன். ஏன்டா பாக்கல?"

"உன் பூட்டுண்ணே. நான் எப்படித் தொடுவேன்?"

அண்ணன், "தையில வரேன்டா" என்றார்.

"வந்து எங்கண்ணே தங்குவ?"

நான் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே ஒருவரும் போனில் ஒருவருமாக இரண்டு ஆம்பிளைகள் அழுதார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தவர்கள், வீடுதான் போய்விட்டது. இப்படியும் ஒரு குடும்பம் உண்டா?

திரும்பி வந்தபின் கொக்கி அந்த ரெக்ஸின் உறையைத் தொடவில்லை. வந்தால் வேலை, முடிந்தால் வீடு. எதிர் மேஜையில் ஒரு சத்தம் இல்லை. எந்த அமைதிக்காகக் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டேனோ, அது கிடைத்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. மேனேஜரே ஒரு நாள் வந்து, "மனுஷன் ஏதாவது பேசினாத் தேவலை சார்" என்றார்.

இன்று காலை என் இரும்பு பீரோவைப் பூட்டிவிட்டு, சாவி தொலைந்துபோய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். "கடைவீதியில ஆள் இருக்காங்க சார்" என்றார். நான் நகரவில்லை. என்னையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு உறையை எடுத்து விரித்தார். இதை எழுதும்போது மணி மூன்றாகிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. என் சாப்பாடு பீரோவுக்குள் இருக்கிறது. எந்தக் கம்பி சரிவரும் என்று அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்க்கட்டும், எனக்கு இன்றைக்குப் பசியில்லை.