சேலத்துக்கு ஒரு சுறாப்புட்டு

அமீர் கணினித் திரையை மூன்று முறை பார்த்தான். மூன்று முறையும் பெட்டி சேலத்தில்தான் இருந்தது.

பெட்டி போக வேண்டியதும் சேலத்துக்குத்தான். ஆனால் அது அமெரிக்காவில் இருக்கும் சேலம். திரையில் தெரிந்ததோ மாம்பழச் சேலம். மாலை ஏழு மணிக்கு லாரியில் ஏற்றினால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடும் ஊர்.

வண்ணாரப்பேட்டையில் ரஹீமுன்னிசா நடத்திய பார்சல் கடையில் இரண்டு ரேக்குகள் உண்டு. வெளிநாட்டுப் பெட்டிகளுக்குச் சிவப்பு, உள்நாட்டுப் பெட்டிகளுக்கு நீலம். எந்தப் பெட்டியை எந்த ரேக்கில் வைப்பது என்பது ஒன்றுதான் அமீரின் வேலை. அந்த ஒன்றில்தான் அவன் தவறிக்கொண்டிருந்தான்.

குற்றம் முழுவதும் அவனுடையது என்று சொல்ல முடியாது. ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் மகா சிக்கனக்காரர்கள். கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது என்பது, ஒரு முகூர்த்தப் புடவை அங்கே போய் இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரியும். இங்கிலாந்து லண்டனில் மணப்பெண் வேறு புடவை கட்டிக்கொண்டாள். அடுத்தது பக்கத்திலேயே இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கடையிலிருந்து நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம். அந்தக் கட்டு மலேசியாவில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போய், நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் ஐந்து மாத கர்ப்பிணியாக இருந்தபோது திரும்பி வந்தது.

இந்த இரண்டு கதைகளும் தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று பரவி, கடற்கரை வரைக்கும் போயிருந்தன. ரஹீமுன்னிசா ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள். லண்டன் இரண்டு, ஜார்ஜ் டவுன் மூன்று, ஹைதராபாத் இரண்டு. கடைசி வரி சிவப்பு மையில் இருந்தது: 'சேலம் நிறைய.'

"இனிமே ஒரு ஊரு மாறிச்சுன்னு வையி, நீ வேற ஊர பாத்துக்கோ" என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

சேலம் பெட்டியைத் திங்கட்கிழமை கொண்டுவந்தவள் கன்னியம்மா. காசிமேட்டில் மீன் விற்பவள். கடைக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"இங்க அமீருன்றது யாரு?"

"நான்தாம்மா. அந்த கவுண்டர்ல நர்மதா சும்மாத்தான் இருக்காங்க, அங்க குடுங்க."

"அந்தப் பொண்ணு வாணாம். நீயே வாங்கிக்கோ நைனா."

நர்மதா நான்கு வருஷமாக ஒரு பெட்டியைக்கூட மாற்றி அனுப்பியதில்லை. அப்படியும் தன்னைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் அமீருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எங்க போவணும்?"

"அமெரிக்காவுல சேலம். என் புள்ள ரகுபதி கம்பியூட்டர் வேலையில கீறான். ரெண்டு வருசமாச்சு."

பெட்டியில் நெத்திலிக் கருவாடு, இறால் தொக்கு, ஓர் எவர்சில்வர் டப்பா. டப்பா மூடியில் 'கன்னியம்மா' என்று பெயர் பொறித்திருந்தது. உள்ளே சுறாப்புட்டு.

"யம்மா, அமெரிக்கா போய்ச் சேர ஏழு நாளாவும். புட்டு ரெண்டு நாளுக்கு மேல தாங்காது."

"உன் வேலைய நீ பாரு. மேல அவனோட பழைய ஃபோன் நம்பர எழுதிக்கீறேன், அட்ரஸ அவனையே கேட்டுக்கோ."

அமீர் அந்த எண்ணுக்கு வாட்சப்பில் கேட்டான். ஒரு மணி நேரம் கழித்து, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு அமெரிக்க முகவரி வந்தது. அதற்குள் மாலை நெரிசல் தொடங்கிவிட்டது. பெட்டியின் மேல் கன்னியம்மாவே ஒட்டிய காகிதத்தில் கொட்டை எழுத்தில் 'ரகுபதி, சேலம்' என்றும், கீழே பொடியாக ஃபோன் நம்பரும் மட்டும் இருந்தன. கண் சேலம் என்று படித்தது. கை நீல ரேக்கில் வைத்தது. மூளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. அமீர் வெளியே போய், டீக்கடை மறைவில் நின்று, சேலம் கிளைக்கு ஃபோன் போட்டான்.

"சார், ஒரு பெட்டி தப்பா வந்துடுச்சு. உடனே திருப்பி அனுப்புங்க."

"அதைக் காலையிலயே வந்து வாங்கிட்டாருங்களே."

"யாரு?"

"ரகுபதிங்க. அடையாள அட்டையெல்லாம் பார்த்துட்டுத்தான் குடுத்தேன்."

அமீர் ஃபோனை வைத்தான். சேலத்தில் ரகுபதிக்கா பஞ்சம்? தன் பார்சலைத் தேடி வந்த எவனோ ஒரு ரகுபதி, இதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஊரும் இரண்டு, ஆளும் இரண்டு. அமெரிக்க ரகுபதி அம்மாவுக்கு ஃபோன் செய்து "எதுவும் வரலையே" என்றால் போதும், கன்னியம்மா கடைக்கு வந்துவிடுவாள். காசிமேட்டு மீன்காரியின் வாய்க்கு முன்னால் நிற்கும் தைரியம் ரஹீமுன்னிசாவுக்கே கிடையாது. அப்புறம் அமீர் வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

அதே மாதிரி இன்னொரு பெட்டி செய்து அனுப்பிவிட்டால் என்ன? புட்டு வழியில் கெட்டுத்தான் போகும். போகட்டும். கெட்ட புட்டாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த புட்டு.

கருவாடும் தொக்கும் வண்ணாரப்பேட்டையிலேயே கிடைத்தன. சுறாவுக்குக் காசிமேடுதான் போக வேண்டும். கன்னியம்மா கண்ணில் படாமல் இருக்க, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டின் பின்பக்கமாக நுழைந்தான். நான்கு பேரிடம் சுறா கேட்டான். நான்கு பேரும் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

"பால் சுறாவா? இன்னிக்கு கன்னியம்மா ஆண்டதான் கீது."

திரும்பி ஓடலாம் என்று நினைத்தபோது குரல் வந்துவிட்டது.

"இன்னா நைனா, மூஞ்சிய மூடிகினு வந்துக்கீற? மீன் நாத்தம் புடிக்கலியா?"

"சளிம்மா. ஒரு கிலோ பால் சுறா வேணும்."

கன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. குழந்தை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது சுறாப்புட்டு. பால் சுறா வாங்கும் ஆண்பிள்ளையிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

"யாருக்கு கொழந்தை பொறந்துகீது?"

அமீர் யோசித்திருக்கலாம். தங்கை என்றோ மைத்துனி என்றோ சொல்லியிருக்கலாம்.

"என் சம்சாரத்துக்கு" என்றான்.

"அடி சக்க! ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

கன்னியம்மா இரண்டு கிலோவாக நிறுத்துக் கொடுத்தாள்.

அமீரின் மனைவி ரூஹி கடைசியாகப் பிள்ளை பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கிறது.

"இவ்ளோ சுறா யாருக்கு?" என்று கேட்டாள் ரூஹி.

"ஒரு கஸ்டமருக்கு. புட்டு பண்ணிக் குடேன். வேலை விஷயம்."

கணவன் வேலை விஷயம் என்றால் ரூஹிக்கு இளகிவிடும். வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் பச்சை மிளகாயும் தாராளமாகப் போட்டுக் கிளறி வைத்தாள். வீடே மணத்தது. மறுநாள் புதன்கிழமை காலை அமீர் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டப்பா வாங்கி, பெயரும் பொறித்துக்கொண்டு வந்தான். புட்டைப் போட்டு மூடப்போன ரூஹி, மூடியைப் படித்தாள்.

"யாரு இந்தக் கன்னியம்மா?"

"அதான் சொன்னேனே, கஸ்டமரு."

"கஸ்டமருக்குப் பேரு பொறிச்சு டப்பா வாங்கிக் குடுப்பீங்களா? நம்ம நிக்காஹ்வுக்கு வாங்குன குடத்துலகூட என் பேரப் போடல."

"பேர் போட எழுத்துக்கு இவ்ளோன்னு கேட்டான் ரூஹி."

"என் பேரு ரெண்டே எழுத்து. இவளுக்கு எத்தன எழுத்துன்னு எண்ணிப் பாருங்க."

அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. அமீர் பெட்டியைக் கட்டி, அமெரிக்க முகவரியை நான்கு பக்கமும் ஒட்டினான். தானே வண்டியில் எடுத்துப் போய், புழலில் இருந்த வெளிநாட்டுப் பார்சல் கிடங்கில் இறக்கிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை விமானம் ஏறும். ஊர் சரி, ஆள் சரி, டப்பாவும் சரி. மனைவி மட்டும் பேசவில்லை. எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியுமா?

சாயங்காலம் அவன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. டீ அவனே போட்டுக்கொண்டது. ரூஹி போய்த் திறந்தாள்.

"யாரு வேணும்?"

"நான் கன்னியம்மா. கொழந்தைய பாக்க வந்தேன்."

ரூஹி வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"எந்தக் கொழந்தை?"

"உனுக்குப் பொறந்த கொழந்ததான்மா. நீ எழுந்து நடமாடலாமா? போய்ப் படு தாயி. இந்தா, உன் வூட்டுக்காரரோட மொதலாளியம்மா வூட்டு வழியும் சொல்லி, கவுனு குடுத்து அனுப்பிச்சாங்க."

அமீர் டம்ளரைக் கீழே வைத்தான். "யம்மா, கடைக்குப் போனீங்களா?"

"போனேன் நைனா. உன்ன பத்தி மொதலாளியம்மாவாண்ட ஒசத்தியா சொன்னேன். ரெண்டே நாள்ல புட்டு அமெரிக்கா போய்ச் சேந்துடுச்சே! புள்ள ஃபோன் பண்ணான். சோக்கா இருந்துச்சாம். டப்பாவகூட கழுவி கவுத்து வச்சிக்கீறானாம். மொதலாளியம்மாவுக்கு ஒரே சந்தோசம். 'அமெரிக்காவுக்கு ரெண்டே நாள்'னு போர்டு எழுதச் சொல்லிகினு இருந்தாங்க."

அவன் அனுப்பிய புட்டு புழல் கிடங்கில் இருக்கிறது. அமெரிக்கா போக இருக்கும் டப்பா அது ஒன்றுதான். அப்படியானால் கழுவிக் கவிழ்க்கப்பட்ட டப்பா எது?

இரண்டு நாளாக இரண்டு சேலம், இரண்டு ரகுபதி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். ரகுபதி ஒருவன்தான்; பெட்டியில் இருந்த நம்பருக்குச் சேலம் கிளை ஃபோன் போட, வந்து வாங்கிக்கொண்டவனும் அவனேதான். அவன் இருக்கும் சேலம் இங்கே ஒரு ராத்திரி லாரித் தூரத்தில் இருந்தது. அமெரிக்காவில் மகன் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரியும் இந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? தன் வேலையைப் பற்றிய கவலைகூட அந்த நிமிஷம் அமீருக்கு மறந்துபோயிற்று.

"இப்பல்லாம் பிளேனு ரொம்ப வேகமா பூடுதும்மா" என்றான்.

கன்னியம்மா உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்தாள்.

"நீ நல்லவன் நைனா. பொய்தான் சொல்ல வரல. கொழந்தையும் பொய், பிளேனும் பொய்."

"யம்மா..."

"மீன் லாரி ஓட்டுற பீம்ராவ் போன ஆடியிலயே சேலத்துல அவன பாத்துட்டான். பைக்குல வூடு வூடா சாப்பாடு குடுத்துகினு போறானாம். அமெரிக்காவுல வேல பூடுச்சு. ஊரே பேனரு வச்சி அனுப்பிச்ச புள்ள, எந்த மூஞ்சிய வச்சிகினு காசிமேட்டுக்கு வருவான்? அதான் அங்க போய் உக்காந்துக்கீறான். சேலத்துல கீறேம்மான்னு சொன்னா, பொய் சொன்ன மாதிரியும் ஆவாது பாரு."

ரூஹி கையிலிருந்த கவுனை மடித்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப அந்த லாரியிலயே புட்டக் குடுத்தனுப்பி இருக்கலாமேம்மா?"

"குடுத்தா எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்பால ஃபோன்கூட பண்ண மாட்டான். இப்ப இன்னாத்த நெனப்பான்? கடைக்காரன் ஊர மாத்திட்டான், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினு வயிறு ரொம்ப துன்னுட்டுப் படுப்பான். மாசம் பொறந்தா ஃபோனு பண்ணுவான்."

அமீருக்கு இரண்டு நாள் பட்ட பாடெல்லாம் ஒன்றாக மேலே வந்தது. "அதுக்கு நான்தானா கெடச்சேன்? வேலையே போயிருக்கும்மா! கடைங்களா இல்ல உங்க ஏரியாவுல?"

கன்னியம்மா பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். மேலே 'ரகுபதி, சேலம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"சரியா அனுப்புற கடை காசிமேட்டுலயே நாலு கீது நைனா. தப்பா அனுப்புறவன் மெட்ராஸுக்கே நீ ஒருத்தன்தான்னாங்க, அதான் விசாரிச்சிகினு வந்தேன்."